இடக்கைப் பக்கம்

தெற்குப் பிரான்சில், ஆர்ல் ஊர் அரங்கத்தின் கோபுர வாசலுக்கு ஒரே ஒரு சாவிதான். அது என்னிடம் இருக்கிறது. அதனால் சுற்றிப் பார்க்க வருகிற ஒவ்வொரு கூட்டத்தோடும் நானும் மேலே ஏறித் தொலைக்க வேண்டும். என் உண்மையான வேலை தச்சு. மணல் திடலைச் சுற்றி நிற்கிற சிவப்புப் பலகைத் தடுப்பைக் காளைகள் உடைக்கும், நான் சரி செய்வேன், மறுபடி உடைக்கும். ரோமாபுரிக்காரன் அடுக்கிய கல் இரண்டாயிரம் வருஷமாக நிற்கிறது. நான் அடித்த பலகை இரண்டு ஞாயிற்றுக்கிழமை நின்றால் பெரிய விஷயம். எனக்கு அறுபத்தாறு வயது. என் முழங்கால்கள் இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

எலியான் தெசியேதான் வழிகாட்டி. இருபத்திரண்டு வருஷமாக அவள் முன்னால் ஏறுவாள், நான் கடைசி ஆளுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவேன். கோபுரத்து மொட்டை மாடியில் நின்று ஆற்றையும் ஓட்டுக் கூரைகளையும் தூரத்து மலையையும் காட்டுவாள். "என் பின்னாடி நிக்கறாரே, இவர்தான் இந்தக் கட்டடத்துலயே பழைய பொருள்" என்று என்னைக் காட்டுவாள். கூட்டம் சிரிக்கும். ஆங்கிலத்தில்தான் சொல்வாள். கேட்டுக் கேட்டு எனக்கும் பாதி புரியும்.

போன செப்டம்பரில் அவளுடைய ஒரே மகன் ரெமி அந்த மணலில் செத்தான். மார்ச்சில் அவள் வேலைக்குத் திரும்பினாள். எல்லாவற்றையும் முன்போலவே சொன்னாள், என்னைப் பற்றிய பகடி உட்பட. ஒன்று மட்டும் மாறியது. கோபுரத்திலிருந்து இறங்கியதும் கூட்டத்தை வடக்கே திருப்பிக் கூட்டிப்போவாள். தெற்குப் பக்கம் போவதே இல்லை. வந்தவர்களுக்கு என்ன தெரியும்? அவர்கள் பாட்டுக்குக் கல்லைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

எங்கள் பந்தயத்தில் காளையைக் கொல்வதில்லை. கொம்புகளுக்கு நடுவே கட்டிய சிவப்பு நாடா, வெள்ளைக் குஞ்சம், கொம்படியில் சுற்றிய கயிறு, இவற்றை வெள்ளை உடுப்புப் போட்ட ஆட்கள் கையிலுள்ள இரும்புக் கொக்கியால் கால் மணி நேரத்துக்குள் பறிக்க வேண்டும். பறித்தாலும் பறிக்காவிட்டாலும் காளை தன் மேய்ச்சலுக்குத் திரும்பிப் போகும். சுவரொட்டியில் காளை பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கும். மனுஷன் பெயர் கீழே, கண்ணாடி போட்டுத் தேட வேண்டும்.

கொக்கிக்காரன் ஓடி வருமுன் யாராவது காளையைக் கூப்பிட்டு அதன் முகத்தைச் சரியான பக்கம் திருப்பி நிறுத்த வேண்டும். ஓடி ஓய்ந்த பழைய ஆட்கள் அந்த வேலைக்கு வருவார்கள். திருப்புக்காரன் என்போம். ரெமிக்குத் திருப்புக்காரன் அவனுடைய அப்பா, எலியானின் புருஷன் லூசியன். நானும் லூசியனும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் அடி வாங்கியவர்கள்.

என் மனைவி போன பிறகு ஞாயிறு மதியச் சாப்பாடு எனக்கு அவர்கள் வீட்டில்தான். முன்பெல்லாம் ஞாயிறென்றால் சிவப்பு வைனில் மூன்று மணி நேரம் வெந்த மாட்டுக்கறிக் குழம்பும் எங்கள் வயல் அரிசிச் சோறும். செப்டம்பருக்குப் பிறகு அந்த வீட்டில் மாட்டுக்கறி ஏறவில்லை. கோழிதான். மே மாதக் கடைசி ஞாயிறன்று கோழியும் ஒலிவக்காயும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கதவு தட்டும் சத்தம். தெற்கே சதுப்பு நிலத்தில் மாட்டுப்பண்ணை வைத்திருக்கிற தெல்மாஸ் வந்திருந்தார். கறுப்பு வெல்வெட் கோட்டு, கையில் தொப்பி. ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்திருந்தார். கூடவே, பழக்கதோஷத்தில், அவர் பண்ணை மாட்டிறைச்சியில் செய்த தொத்திறைச்சி இரண்டு. உள்ளே வந்த பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். நைசாக அதை நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

"சாப்பிட்டீங்களா முசியே?" என்றாள் எலியான்.

"ஆச்சு மதாம்."

"பொய். இந்நேரத்துக்குச் சாப்பிட்டு முடிச்ச பண்ணைக்காரரை நான் பார்த்ததில்ல. ஃபெலி, அந்தத் தட்டை எடு."

நான்தான் ஃபெலி. தட்டை எடுத்து வைத்தேன். தெல்மாஸ் ஒரு வாய் தின்றார். அப்புறம் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஜூலைப் பெரும் பந்தயத்துக்கு மூர்வென்னைக் கேக்கறாங்க மதாம்."

மூர்வென்தான் ரெமியைக் கொன்ற காளை.

"நான் இன்னும் பதில் சொல்லல. இதுக்குச் சட்டம் கிட்டம் ஒண்ணும் கிடையாது. எங்க அப்பா காலத்துலேருந்து எங்க பண்ணையில ஒரு வழக்கம். நம்ம காளையால ஒரு வீட்ல சாவு விழுந்துட்டா, அந்தத் தாயைக் கேக்காம அது மறுபடி மணலை மிதிக்கக் கூடாது. நீங்க வேண்டாம்னா வேண்டாம். சாகற வரைக்கும் மேய்ச்சல்லயே கெடக்கட்டும். ஒரு வார்த்தை உங்களைத் தப்பாப் பேச மாட்டேன்."

"அதுக்கு என்ன வயசு?"

"பதினொண்ணு. இந்த வருஷம் ஓடும். மிஞ்சிப்போனா அடுத்த வருஷம்."

"என் பையனுக்கு இருபத்தாறு."

"தெரியும் மதாம்."

"அது செத்தா என்ன பண்ணுவீங்க?"

தெல்மாஸ் தொப்பியைச் சுற்றினார். "புதைப்போம்."

"எப்படிப் புதைப்பீங்க? சொல்லுங்க. ஊருக்கே தெரியும், உங்க வாயால கேக்கறேன்."

"நிக்க வெச்சு. கடலைப் பார்க்க."

"மேல கல் நடுவீங்க. பேர் வெட்டுவீங்க. பிள்ளைங்க வந்து பூ வெக்கும். என் பையனைப் படுக்க வெச்சு மூடிட்டு வந்தோம் முசியே. உங்க மாடு நின்னுக்கிட்டுக் கடல் பார்க்கப்போவுது."

அந்த ஆளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் ரெமியைச் சின்ன வயதில் குதிரையில் ஏற்றி உட்கார வைத்தவர்.

"ஓடட்டும்னு சொல்லு எலியான்" என்றான் லூசியன். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"என்ன?"

"மாட்டு மேல தப்பு இல்ல."

"அப்ப யார் மேல? என் பையன் மேலயா? வலது மணிக்கட்டு உடைஞ்சு, மருத்துவர் இந்த வருஷம் வேண்டாம்னு சொல்லியும் கேக்காம இடக்கையில கொக்கி பிடிச்சு ஓடக் கத்துக்கிட்டானே, அது தப்பா? சொல்லு."

நான் கோழி எலும்பை ரொம்பக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

"வெள்ளிக்கிழமை சுவரொட்டி அச்சுக்குப் போவுது" என்றார் தெல்மாஸ், மெதுவாக.

"வியாழக்கிழமை காலைக் கூட்டம் முடிஞ்சதும் அரங்கத்துக்கு வாங்க. பதில் சொல்றேன்."

அவர் போன பிறகு அவள் நாற்காலியை நகர்த்தித் தொத்திறைச்சியைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "இதை உன் வீட்டுக்குக் கொண்டுபோ ஃபெலி. அவருக்கும் ஒண்ணும் ஓடல பாவம்" என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

புதன்கிழமை தெற்குப் பக்கத் தடுப்புக்குச் சிவப்பு அடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாளாக வடகாற்று. மணல் பறந்து ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கியது. லூசியன் வந்து என் வாளிக்குப் பக்கத்தில் நின்றான்.

"செவப்பு பத்தல" என்றான்.

"மாட்டுக்கு நெறமே தெரியாதாம்டா. இதெல்லாம் மனுஷன் கண்ணுக்குத்தான். உனக்குப் பத்தலைன்னா நீயே அடி."

அவன் சிரிக்கவில்லை. பலகையில் கை வைக்கப் போய், ஈரத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டான்.

"அன்னிக்கு நீ எங்க நின்ன?"

"எப்பவும் நிக்கற எடந்தான். இங்க. சுத்தியல், ஆணி, ரெண்டு பலகை."

"அப்பப் பாத்திருப்ப."

நான் பலகையில் பெயிண்டை இரண்டு இழுப்பு இழுத்தேன். "பாத்தேன்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"ஏன்டா சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

அவன் தடுப்பின் கீழ்ப்படியில் உட்கார்ந்தான். அந்தப் படியில் கால் வைத்துத்தான் கொக்கிக்காரர்கள் தாவுவார்கள். அவனும் ஒரு காலத்தில் அங்கிருந்து பறவை மாதிரி பறந்தவன்.

"கடைசிக் கயிறு" என்றான். "மூணு நிமிஷம் பாக்கி. 'அப்பா, இடது'ன்னு கத்தினான். காதுல விழுந்துச்சு ஃபெலி. விழலைன்னு சொன்னா அது பொய். நல்லா விழுந்துச்சு. ஆனா கால் கேக்கலடா. இருபது வருஷமா வலக்கைக்காரனுக்கே திருப்பிக் குடுத்த கால். அது பாட்டுக்குப் பழைய பக்கம் போயிடுச்சு. நான் போன பக்கம் மாடு மூஞ்சியத் திருப்புச்சு. நான் கூப்பிட்ட எடத்துக்கு வந்துச்சு. அங்க அவன் இருந்தான்."

எனக்குத் தெரியும். நான் பத்தடி தூரத்தில் நின்றவன். வலக்கைக்காரனுக்குக் காளை முகம் ஒரு பக்கம் திரும்ப வேண்டும், இடக்கைக்காரனுக்கு மறுபக்கம். அது இந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். லூசியனின் கால் வலப்பக்கம் போனதை நான் பார்த்தேன். "டேய்" என்று கத்த வாயைத் திறந்தேன். அவ்வளவுதான் நேரம் இருந்தது.

"அவகிட்டச் சொல்லுடா."

"சொன்னா என்னை விட்டுப் போயிடுவா."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி ஒரு நல்ல மாடு கொலைகாரப் பேரோட சாகும். மாடுதானே, போவட்டும்னு எட்டு மாசமா இருந்து பாத்துட்டேன். அவ அதைத் திட்டறப்பல்லாம் எனக்குச் சோறு எறங்கல ஃபெலி. அது என்ன பண்ணுச்சு? நான் சொன்னதைக் கேட்டுச்சு."

அவன் தோள் குலுங்கியது. கட்டிக்கொள்ளத் தோன்றியது. என் கையெல்லாம் சிவப்புப் பெயிண்ட். தூரிகையைப் பிடித்துக்கொண்டு மடையன் மாதிரி நின்றேன்.

வியாழன் காலை ஆற்றுக் கப்பலிலிருந்து ஆங்கிலம் மட்டும் பேசுகிற கனடாக்காரர்கள் இருபது பேர் வந்தார்கள். எல்லாருக்கும் என் வயது, என்னைவிட நல்ல செருப்பு. எலியான் நீலக் கழுத்துத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் ஏறினாள். மேலே காற்று ஆளைத் தள்ளியது. ஆனால் வடகாற்று அடிக்கிற நாளில்தான் எங்கள் ஊர் துடைத்து வைத்தாற்போல் தெரியும். ஆற்று வளைவு, கூரைகள், மடாலம், மலை. தெற்கே கடல் வரைக்கும் தட்டையான சதுப்பு. தெல்மாஸின் மேய்ச்சல்கூட ஒரு பச்சைக் கோடாகத் தெரிந்தது. அவள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

பந்தயத்தைப் பற்றிச் சொல்லி முடித்தாள். தொப்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்த ஓர் அம்மாள் கேட்டாள்: "காளையைக் கொல்வதில்லை என்கிறீர்களே. அது ஒரு மனிதனைக் கொன்றுவிட்டால்?"

எலியான் சொன்னாள்: "காளைக்காரர் போய்ச் செத்தவனுடைய தாயைக் கேட்பார். மறுபடி ஓடலாமா என்று."

"தாய் என்ன சொல்வாள்?"

அவள் வாயைத் திறந்தபோது படிக்கட்டிலிருந்து லூசியன் வந்தான். செப்டம்பருக்குப் பிறகு அவன் அந்தக் கட்டடத்தில் அவ்வளவு உயரம் ஏறியதில்லை. முகம் வெளுத்திருந்தது. கூட்டம் விலகி வழி விட்டது.

"எலியான், மாடு இல்ல" என்றான். "நான்."

"என்ன லூசியன்? வேலையில இருக்கேன்."

"இடதுன்னு கத்தினான். நான் வலது பக்கம் திருப்பிட்டேன். கேட்டுச்சு, கேட்டும் திருப்பிட்டேன். பழக்கத்துல. மாடு நான் கூப்பிட்ட பக்கம் வந்துச்சு. அதான் நடந்தது. அவ்வளவுதான் நடந்தது."

அந்த இருபது பேருக்கும் எங்கள் பாஷை தெரியாது. நிகழ்ச்சியில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்தார்களோ என்னவோ, ஒருவர் இவர்கள் இரண்டு பேரையும் சேர்த்து ஒரு படம் எடுத்தார். எலியானின் கழுத்துத்துணி காற்றில் படபடவென்று அடித்தது.

"நாலு மாசம்" என்றாள். குரல் எழும்பவே இல்லை. "நாலு மாசம் உன் எதிர்ல உக்காந்து இடக்கையால சூப் குடிச்சான். மேசையெல்லாம் சிந்தும். நீதான் தொடைச்ச."

"ஆமா."

"நீதான் தொடைச்ச லூசியன்."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியுமா ஃபெலி?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"அன்னிலேருந்து."

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என் கையால சாப்பிட்டியே" என்றாள். அவ்வளவுதான். என்னை அடித்திருந்தால் தேவலை. அவளுக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்து வாயை மூடியவன் நான். அது நல்லது இல்லை, சௌகரியம். அந்த நிமிஷம்தான் எனக்கே அது தெரிந்தது.

அவள் கூட்டத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டாள். "தாய் என்ன சொல்வாள் என்று கேட்டீர்கள். கீழே வாருங்கள், சொல்கிறேன்" என்றாள்.

கீழே இறங்கியதும் அவள் தெற்கே திரும்பினாள். கல்படிகளில் இறங்கி, நான் புதிதாகச் சிவப்பு அடித்த தடுப்புக்கு முன்னால் போய் நின்றாள். என் மகன் இங்கே செத்தான் என்றாள். பெயர் ரெமி என்றாள். வயதைச் சொன்னாள், உடைந்த மணிக்கட்டைச் சொன்னாள், இடக்கையைச் சொன்னாள். "காளையை எந்தப் பக்கம் கூப்பிட்டார்களோ அந்தப் பக்கம் அது வந்தது" என்றாள். யார் கூப்பிட்டது என்று சொல்லவில்லை. தொப்பிக்கார அம்மாள் அழுதாள். எலியான் அழவில்லை. பாதை இந்தப் பக்கம், தலை இடிக்கும், குனிந்து போங்கள் என்று எல்லாரையும் வாசல் வரை கொண்டுபோய் விட்டுத் திரும்பி வந்தாள்.

தெல்மாஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். லூசியன் அவருக்குச் சற்றுத் தள்ளி நின்றான்.

"ஓடட்டும் முசியே."

அவர் அவள் கையைப் பிடிக்க வந்தார். அவள் கொடுத்தாள். "அதைத் திட்டினதுக்கு மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள். மாட்டிடம் சொல்ல முடியாததால் அவரிடம் சொன்னாள் போலிருக்கிறது. தெல்மாஸ் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

"நீ இன்னிக்கு வீட்டுக்கு வராத லூசியன்."

"இன்னிக்கு மட்டுமா?"

"எனக்குத் தெரியல. உன்மேல கோவமான்னு கேட்டா அதுவும் தெரியல. உன் காலைப் பாத்தா எனக்குத் தாங்காது. அவ்வளவுதான் இப்பத் தெரியுது. இவனோட போ. ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு இருக்கறதுல கெட்டிக்காரங்க."

அன்றிலிருந்து லூசியன் என் வீட்டில். தோட்டத்துப் பக்கத்து அறையைக் கொடுத்தேன். என் உளிகளை எல்லாம் தீட்டுகிறேன் பேர்வழி என்று பாழாக்கினான். சமைத்தான். எலியான் கூட்டங்களோடு ஏறினாள், நான் பின்னால் ஏறினேன். என்னைப் பற்றிய பகடியை அவள் அதற்குப் பிறகு சொல்லவில்லை.

ஜூலை முதல் திங்கட்கிழமை. ஊர் முழுக்கச் சுவரொட்டி, மூர்வென் பெயர் ஒரு முழ எழுத்தில். லூசியன் வரவில்லை என்றான். நான் வற்புறுத்தவில்லை. என் இடத்தில் சுத்தியலோடு நின்றேன். எலியான் தெற்குப் பக்கம், தாழ்ந்த வரிசையில், தனியாக உட்கார்ந்திருந்தாள். காளை ஓடியது. எப்படி ஓடியது என்கிறீர்கள்! மூன்று முறை தடுப்பின் மேல் ஏறியது, ஒரு முறை என் கண்ணுக்கு முன்னால் இரண்டு பலகையைச் சுள்ளியாக்கியது. கடைசிக் கயிற்றை ஒருத்தனாலும் தொட முடியவில்லை. கால் மணி முடிந்து, வாத்தியக்காரர்கள் அதற்கு மரியாதை வாசித்தபோது அரங்கமே எழுந்து நின்றது. அவளும் எழுந்து நின்றாள். கை தட்டவில்லை. இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு, அது வாசலுக்குள் போகிற வரைக்கும் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்தபோது லூசியன் மேசையில் உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் காலணி. இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, கிளம்பாமல் மத்தியானம் முழுக்க அப்படியே இருந்திருக்கிறான்.

"எப்படி ஓடுச்சு?"

"அதுக்கு வாத்தியம் வாசிச்சாங்க."

தலையாட்டினான். "எலியான் வந்தாளா?" என்றான்.

"வந்தா."

"என்னைக் கேட்டாளா?"

கேட்டாள் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். அவன் கண் அதற்காகத்தான் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் என் நல்லெண்ணத்தால் ஒரு தாய் எட்டு மாதம் ஒரு வாயில்லாப் பிராணியைச் சபித்தாள்.

"கேக்கலடா" என்றேன்.

அவன் குனிந்து வெள்ளைக் காலணியின் கயிற்றை அவிழ்த்தான். ஒன்றை அவிழ்த்துவிட்டு மற்றதை அவிழ்க்காமல் நிறுத்தினான்.

"நாளைக்குக் கூட்டம் இருக்கில்ல? அவகூட மேல ஏறுவல்ல நீ?"

"ஏறுவேன்."

"அவ கேட்டா, நான் இருக்கேன்னு சொல்லு."